மூன்று மொழிகள் பேசும் ஒரு கல்

"காலி மும்மொழிக் கல்வெட்டு ஒரே செய்தியை மூன்று மொழிகளில் கூறுகிறது."

எமது கல்லூரி வரலாற்று மன்றத்தில் நான் ஆற்றிய உரையின் முதல் வாக்கியம் இது. யூடியூப்பில் பார்த்த பத்து நிமிடக் காணொளி ஒன்றிலிருந்து அதை எடுத்திருந்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. எல்லோரும் கலைந்த பின்னர் வரலாற்று ஆசிரியை என்னை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், அந்தக் கல்லை நீங்க பார்த்திருக்கிறீங்களா?"

இல்லை என்றேன்.

"பார்த்துட்டு வந்து இன்னொரு தரம் பேசுங்க."

காணொளிகளை நான் குறை கூற வரவில்லை. செங் ஹே என்ற பெயரையே எனக்கு அறிமுகப்படுத்தியது அந்தக் காணொளிதான். சீனாவின் யுன்னான் பகுதியில் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த அவர், மிங் வம்சப் பேரரசர் யோங்லேயின் கடற்படைத் தளபதியாகி இந்து சமுத்திரமெங்கும் பயணித்தவர். கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனாவிலேயே பொறிக்கப்பட்டு, கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1911இல் காலியில் ஒரு மதகருகே பொறியியலாளர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகும் விடயத்தை, கடலையும் கப்பலையும் காட்டி மனதில் பதித்தது காணொளிதான்.

விடுமுறையில் வாப்பாவுடன் கொழும்புக்குப் போனேன். நூதனசாலையின் வெள்ளை நிறக் கட்டடத்தைக் கண்டதும் வாப்பா உற்சாகமாகிவிட்டார். "இதைக் கட்டினது யார் தெரியுமா மகள்? நம்மட வாப்பிச்சி மரைக்கார். என்ன பரிசு வேணுமெண்டு கவர்னர் கேட்க, வெள்ளிக்கிழமையில நூதனசாலையை மூடினால் போதுமெண்டு சொன்னாராம்."

"அது எங்க எழுதியிருக்கு வாப்பா?" என்று கேட்டேன்.

வாப்பா சிரித்தார். "அதை நீதான் தேடிப் பார்க்கணும்."

பிறகு தேடினேன். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்பது வரலாறு. வெள்ளிக்கிழமைக் கதையோ எமது வீடுகளில் வாய்வழியாக வரும் மரபு. இரண்டும் எனக்குப் பிரியமானவைதான். ஆனால் பரீட்சை விடைத்தாளில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கல்லின் முன்னே நின்றபோது முதலில் வியப்புத்தான் வந்தது. காணொளியின் திரை முழுவதையும் நிறைத்த அந்தக் கல், உண்மையில் என் உயரத்துக்கும் குறைவானது. ஏறத்தாழ 145 சென்டிமீட்டர். வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். தமிழ் என் தாய்மொழி; ஆனாலும் அந்த அறுநூறு வருடத்து எழுத்தில் ஒரு வரியைக்கூட என்னால் முழுமையாக வாசிக்க முடியவில்லை. பாரசீகம் எனக்குத் தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதிப் பழகிய கண்ணுக்கு அதன் எழுத்துகள் சில தட்டுப்பட்டன. மூன்றிலும் அதிகம் சிதைந்திருப்பது அந்தப் பகுதிதான். இதைக் காணொளி சொல்லவே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஆசிரியையின் உதவியுடன் மொழிபெயர்ப்புகளைத் தேடினேன். தமிழ்ப் பகுதியை அறிஞர் செனரத் பரணவிதான வாசித்து வெளியிட்டிருக்கிறார். அப்போதுதான் என் முதல் வாக்கியம் பிழை என்று தெரிந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி, தெற்கே தெவிநுவரவில் வழிபடப்பட்ட திருமாலாகிய தென்னாவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியல் மட்டுமே மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது.

ஆக, இது ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்பல்ல. மூன்று சமூகத்தாரிடம், அவரவர் மொழியில், அவரவர் நம்பிக்கையை மதித்துப் பேசிய மூன்று செய்திகள். இலங்கைத் துறைமுகங்களில் அந்த மூன்று சாராரும் அருகருகே இருந்திருக்காவிட்டால் இப்படியொரு கல்லுக்குத் தேவையே இருந்திருக்காது. 'ஒரே செய்தி' என்று நான் சொன்னபோது, கல்லில் இருந்த மிகப் பெறுமதியான உண்மையையே அழித்துவிட்டேன்.

ஆனால் கல்லும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அதே பயணத்தின்போது செங் ஹேயின் படைக்கும் இந்நாட்டில் அதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனுக்கும் இடையில் போர் மூண்டது. அழகேஸ்வரன் சிறைபிடிக்கப்பட்டு 1411இல் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதைச் சீன வரலாற்றுப் பதிவுகள் கூறுகின்றன. காணிக்கைக் கல்லில் போருக்கு இடமில்லை. கல்லை மட்டும் பார்த்தவர் நட்பை மட்டுமே காண்பார்.

இந்த அனுபவத்திலிருந்து நான் பழகிக்கொண்ட முறையைச் சக மாணவிகளுக்குச் சொல்கிறேன். காணொளியைப் பார்க்கும்போது, "இதை இவர் எங்கிருந்து அறிந்தார்?" என்று கேளுங்கள், விடை இல்லாத கூற்றைக் கொப்பியில் தனியாகக் குறித்து வையுங்கள். இடத்துக்குப் போனால் தொலைபேசியை எடுக்க முன்னர் ஐந்து நிமிடம் கண்ணால் பாருங்கள். காணொளி காட்டாத ஒன்றையாவது எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின், "இந்தச் சான்று எதைச் சொல்லாமல் விட்டது?" என்று நூலகத்தில் தேடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வெகுதூரம் அழைத்துப் போகத்தான் வேண்டுமென்பதில்லை. ஊர்ப் பள்ளிவாசலின் பழைய மீஸான் கல்லும் வரலாறுதான். அங்கே கூட்டிச் செல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள். "அது எங்கே எழுதியிருக்கிறது?" என்று பிள்ளை கேட்டால் கோபிக்காதீர்கள். அது மரியாதைக் குறைவல்ல, படிப்பின் தொடக்கம்.

அடுத்த தவணையில் மன்றத்தில் மீண்டும் பேசினேன். இம்முறை என் முதல் வாக்கியம்: "போன தவணை நான் உங்களுக்குப் பிழையான ஒன்றைச் சொன்னேன்." ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் உரை முடிந்ததும் ஐந்து கைகள் கேள்வி கேட்க உயர்ந்தன.