வலையமைப்பு இணைப்புப் பழுதுகளை இனங்காணல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – க.பொ.த. (சாதாரண தரம்)

மாணவர்களே, பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் உங்கள் கணினியில் திறக்கவில்லை எனக் கொள்வோம். பழுது கணினியிலா, வடத்திலா, வழிப்படுத்தியிலா, சேவை வழங்குநரிடமா? இதனை அறியாமல் அமைப்புகளை மாற்றினால் ஒரு பழுது இரண்டாகிவிடும். ஆகவே அருகிலிருந்து தொலைவு நோக்கி, படிப்படியாகச் சோதித்தல் வேண்டும்.

படி 1: மின்னும் வடமும்

வழிப்படுத்தியின் விளக்குகள் ஒளிர்கின்றனவா எனப் பாருங்கள். வடத்தின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகச் செருகுங்கள். முறுக்கிய சோடி வடத்தின் உச்ச நீளம் 100 மீற்றர் ஆகும். தோட்டக் காரியாலயத்திலிருந்து தொழிற்சாலைக்கு இதனிலும் நீண்ட வடம் இழுத்தால் சைகை நலிவடையும்.

படி 2: ஐபி முகவரி

கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகொன்பிக்’ கட்டளையை இடுங்கள். முகவரி 169.254 எனத் தொடங்கினால், வழிப்படுத்தியிடமிருந்து முகவரி கிடைக்காமையால் கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டுள்ளது என்பது பொருள். எல்லாக் கணினிகளிலும் அவ்வாறாயின் வழிப்படுத்தியை நிறுத்தி, 30 செக்கன் கழித்து மீண்டும் இயக்குங்கள். ஒரு கணினியில் மாத்திரமாயின் அக்கணினியின் பக்கத்தைச் சோதியுங்கள்.

படி 3: ‘பிங்’ கட்டளை

பின்வரும் ஒழுங்கில் இடுங்கள்.

(அ) 127.0.0.1 – கணினியின் வலையமைப்பு மென்பொருள் சரியா?
(ஆ) வழிப்படுத்தியின் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1) – வீட்டுக்குள் இணைப்பு உண்டா?
(இ) 8.8.8.8 – வெளியே இணையம் வரை செல்கின்றதா?

பதில் எங்கு நிற்கின்றதோ அங்கேதான் பழுதைத் தேட வேண்டும். (ஆ) வரை பதில் வந்து (இ) இல் நின்றால் பழுது பெரும்பாலும் வெளியிலுள்ளது. சேவை வழங்குநருக்கு அறிவியுங்கள். மூன்றிலும் பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்காவிடின் ஆள்களப் பெயர் முறைமையைச் சோதியுங்கள். ஒரு தளம் மாத்திரம் திறக்காவிடின் அதன் சேவையகத்தில் நெரிசல் இருக்கலாம், பொறுத்திருந்து முயலுங்கள்.

மலைநாட்டில் கவனிக்க வேண்டியவை

• நமுனுகுலை (2036 மீற்றர்) போன்ற மலைகள் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் வந்தால் கையடக்கத் தொலைபேசிச் சைகை குறையும். சிம் அட்டையில் இயங்கும் வழிப்படுத்தியைக் கோபுரம் உள்ள திசையின் யன்னலருகே வையுங்கள்.
• ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் அதிகம். இடி தொடங்குமுன் மின் செருகியை மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள்.
• 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மின்சாரமும் தொடர்பாடலும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய வேளையில் வீட்டுக் கணினியின் அமைப்புகளை மாற்றுவதால் பயனில்லை.

மாதிரி வினா

பசறையிலுள்ள அலுவலகமொன்றில் ஐந்து கணினிகள் ஓர் ஆளியுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் மாத்திரம் இணையம் இல்லை. அதன் முகவரி 169.254.10.5. பழுது எங்குள்ளது? முதலில் யாது செய்வீர்?

விடை: ஏனைய நான்கும் இயங்குவதால் வழிப்படுத்தியும் இணையச் சேவையும் சரியாக உள்ளன. பழுது அக்கணினியின் வடம், ஆளியின் துறை, வலையமைப்பு இடைமுக அட்டை அல்லது அதன் அமைப்பில் இருக்கலாம். முதலில் இயங்கும் கணினியொன்றின் வடத்தை இதற்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

குறிப்பு: பழுதின் இடத்தை மட்டும் எழுதாது, அம்முடிவுக்கு வந்த காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.