சாலையும் விலங்கும்: ஒரு கணக்கு



நம் சிவில் மாணவர்களுக்கு நெடுஞ்சாலைப் பாடத்தில் 'நிறுத்தும் பார்வைத் தூரம்' என்று ஒரு கணக்கு உண்டு. பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று மனப்பாடம் செய்வோம், எழுதியதும் மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதை ஒழுங்காகப் படிக்க வைத்தது எங்க அப்பா.

அப்பா லாரி டிரைவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் வழியாக மைசூருக்கு லோடு ஏற்றிப் போவார். 2019-ல் ஒரு ராத்திரி, 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆசனூரைத் தாண்டும்போது ஒரு புள்ளிமான் குறுக்கே பாய்ந்து அடிபட்டுவிட்டது. "ப்ரேக் மேலயே ஏறி நின்னேன் சாமி, வண்டி நிக்கல" என்று இன்றைக்கும் சொல்வார்.

ஏன் நிற்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் ப்ரேக்கைத் தொட இந்திய சாலைக் காங்கிரஸ் தரும் நேரம் 2.5 வினாடி. அதற்குள்ளேயே வண்டி 42 மீட்டர் ஓடிவிடுகிறது! ப்ரேக் பிடித்த பிறகு உராய்வுக் கெழு 0.36 என்று போட்டால் இன்னும் 39 மீட்டர். ஆக 81 மீட்டர். டிம் லைட்டில் தெரிவதோ சுமார் 50 மீட்டர்தான். அதாவது மான் கண்ணில் படும்போதே காரியம் முடிந்துவிட்டது. அதே வண்டி 40-ல் போனால்? 28-ம் 17-ம் சேர்த்து 45 மீட்டர். வெளிச்சத்துக்குள் நின்றுவிடும்.

விலங்குக்கு ரோட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். பகலில் சூடேறிய தாரில் குளிர்காயப் பாம்பு வந்து படுக்கும். மழை விட்டதும் தவளைகள் கூட்டமாகக் கடக்கும். ஓரத்துப் புதரை நாம் வெட்டிவிட, அங்கே முளைக்கும் இளம்புல்லுக்கு மான் வரும். கரும்பு லாரிக்காகவே காத்து நிற்கும் யானைகளை ஆசனூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும். செத்ததைத் தின்ன வரும் கீரியும் அடுத்த வண்டியில் மாட்டும்.

இதற்கு வழி நம் படிப்பிலேயே இருக்கிறது. மகாராஷ்டிராவில் பெஞ்ச் காட்டு வழியே போகும் 44-ஆம் நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் விலங்குகள் போக 9 வழிகள் விட்டிருக்கிறார்கள். புலியே அதில் நடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. நம் வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காக ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டார்கள். செலவும் பெரிதில்லை.

பந்திப்பூரில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. திம்பத்தில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி 10 முதல். காட்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடக்கும் டிரைவருக்கு அந்த நாள் பேட்டா யார் தருவது? அந்தப் பேட்டாவில்தான் என் ஃபீஸ் கட்டினோம்.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாப்பதுல போயிருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்பா."

வேறு எதுவும் கேட்கவில்லை. இப்போது பண்ணாரி தாண்டினால் 40-க்கு மேல் போவதில்லை. லோடு லேட்டாகிறது என்று ஓனர் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.