ஓசை எங்கே போயிற்று?

ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டுச் சமையலறையில் எழும் ஓசைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். குக்கரின் விசில், மிக்ஸியின் இரைச்சல், கடுகு வெடிக்கும் ஒலி, குழாய் நீர் கொட்டும் ஒலி ஆகியவை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். நீண்ட நேரம் கேட்பது பாத்திரம் துலக்கும் ஓசைதான். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் மோதிக்கொள்ளும் அந்த ஓசைக்கு நடுவே பாடம் படித்தவர்கள் நம்மில் பலர்.

அண்மைக் காலத்தில் நம் ஊர்களிலும் சில வீடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இடம்பெற்றுள்ளது. கடைகளில் இதை 'டிஷ்வாஷர்' என்பார்கள். அமைதியாக ஓடும் புதிய வகையை வாங்கியவர்கள், "ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை" என்று வியப்பார்கள். உள்ளே மோட்டார் சுழல்கிறது. நீர் பாய்ந்து எஃகுச் சுவரில் மோதுகிறது. அப்படியிருந்தும் ஓசை வெளியே வரவில்லை என்றால், அது எங்கே போயிற்று? இக்கேள்விக்கு இயற்பியலின் துணைகொண்டு விடை காண்போம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

இக்கருவியின் கதை பழையது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி 1886-இல் இதற்கான காப்புரிமை ஒன்றைப் பெற்றார். பாத்திரங்களைக் கம்பிக் கூடையில் அடுக்கி, அவற்றின்மீது நீரை அழுத்தத்துடன் பாய்ச்சுவதே அவர் கண்ட முறை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன. இன்றைய இயந்திரமும் அடிப்படையில் அவ்வாறே இயங்குகிறது.

பெட்டியின் அடியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதில் தேங்கும் நீரை ஒரு பம்பு உறிஞ்சி, கூடைகளுக்குக் கீழே உள்ள குழல் கைகளுக்கு அனுப்புகிறது. கைகளில் உள்ள துளைகள் சாய்வானவை. நீர்த்தாரை ஒரு பக்கம் பீய்ச்சும்போது, கை எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டுச் சுழல்கிறது. கைகளைச் சுழற்றத் தனி மோட்டார் தேவையில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியே போதும். விழுந்த நீர் வடிகட்டி வழியே மீண்டும் பள்ளத்துக்கு வந்து சேர்கிறது. இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், ஒரு முறை கழுவி முடிக்கச் சுமார் 10 லிட்டர் நீர் போதுமானதாகிறது.

ஓசைக்கு எத்தனை வாட்?

மின்விளக்கை வாங்கும்போது அதன் திறன் எத்தனை வாட் என்று கேட்கிறோம். அதுபோல ஓசை எழுப்பும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒலித்திறன் உண்டு. அதையும் வாட் அலகில் அளக்கலாம். ஆனால் இவ்வெண்கள் மிகச் சிறியவையாதலால் டெசிபெல் அளவைப் பயன்படுத்துகிறோம். லட்சம் கோடியில் ஒரு பங்கு வாட் என்பது 0 டெசிபெல். ஒலித்திறன் பத்து மடங்கு பெருகும்போதெல்லாம் 10 டெசிபெல் கூடும். டெசிபெல் ஒரு மடக்கை அளவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் விற்கப்படும் பாத்திரம் கழுவும் இயந்திரங்களின் ஆற்றல் சீட்டில், 2021 முதல் ஒலியளவுக்கும் வகுப்பு குறிக்கப்படுகிறது. 39 டெசிபெல்லுக்குக் குறைந்தால் முதல் வகுப்பு. 51-உம் அதற்கு மேலும் இருந்தால் கடைசி வகுப்பு. இனி, 40 டெசிபெல் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம்.

40 டெசிபெல் என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு வாட். இந்த இயந்திரம் 3 மணி நேரம், அதாவது 10,800 வினாடிகள் ஓடினால், ஓசையாக வெளிவரும் ஆற்றல் சுமார் 0.0001 ஜூல். 3 மில்லிகிராம் எடையுள்ள ஒரு கடுகை மூன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கவே இந்த ஆற்றல் போதும்! இதே நேரத்தில் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரம் செலவிட்டதாகக் கொண்டால், அது 36 லட்சம் ஜூல். ஓசையாக வெளிப்பட்டது அதில் ஏறத்தாழ 3,300 கோடியில் ஒரு பங்கு.

ஆகவே ஓசையைக் குறைப்பதால் மின்கட்டணம் குறையாது. நம் காதின் நுட்பத்துக்காகவே இவ்வளவு பாடும் படவேண்டியிருக்கிறது. மேலே சொன்ன ஒலி அரைக்கோள வடிவில் பரவுவதாகக் கொள்வோம். 2 மீட்டர் தொலைவில் அது சுமார் 25 சதுர மீட்டர் பரப்பில் விரிந்திருக்கும். அங்கே உங்கள் காதில் விழும் ஒலியின் அளவு ஏறத்தாழ 26 டெசிபெல். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியால் இது சற்றுக் கூடலாம். மின்விசிறி ஓடும் அறையில் இந்த ஓசை அதன் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். விசிறியை நிறுத்திவிட்டுச் செவி சாய்த்தால் மெல்லக் கேட்கும்.

ஓசை பிறக்கும் இடங்கள்

முதலாவது, மோட்டார். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறுவது. மின்காந்தம் எத்திசையில் காந்தமானாலும் இரும்பை ஈர்க்கவே செய்யும். ஆகவே ஒரு சுற்றில் இரண்டு முறை இழுப்பு நிகழ்கிறது. அதனால்தான் பழைய வகை மோட்டார்களிலிருந்து 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட 'ம்ம்ம்' என்னும் ஒலி எழுகிறது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் முனகலும் இதே அதிர்வெண் கொண்டதுதான். கரித்துண்டு உராயும் மோட்டார் என்றால் இரைச்சல் இன்னும் மிகும். மிக்ஸியில் நாம் கேட்பது அதையே.

இரண்டாவது, பம்பின் இலைகள் நீரை வெட்டும் ஓசை. மூன்றாவது, நீர்த்தாரை சுவரிலும் பாத்திரத்திலும் மோதும் ஓசை. நான்காவது, கழிவு நீர் வெளியேறும்போது குழாயில் எழும் களகளப்பு.

செய்து பாருங்கள்

ஓசையை அடக்கும் முறைகளை வீட்டிலேயே சோதித்து அறியலாம்.

சோதனை 1: கைப்பேசியை அதிர்வு முறையில் வைத்து, உள்ளங்கையில் ஏந்தியபடி அழைக்கச் சொல்லுங்கள். ஓசை மெலிதாக இருக்கும். இப்போது அதை மரமேசைமேல் வையுங்கள். மேசையே உறுமும். சிறு பொருள் தன் அதிர்வைப் பெரிய பரப்புக்குக் கொடுக்கும்போது, அப்பரப்பு நிறையக் காற்றைத் தள்ளுகிறது. இதுவே திணிப்பு அதிர்வு. இசைக்கவையின் காம்பை மேசைமீது ஊன்றியபோது இதை ஆய்வகத்தில் கேட்டிருப்பீர்கள். இனி, மடித்த துண்டு ஒன்றைக் கைப்பேசிக்கும் மேசைக்கும் இடையே வையுங்கள். உறுமல் அடங்கிவிடும். இயந்திரத்தில் மோட்டாரையும் பம்பையும் ரப்பர் தாங்கிகளில் பொருத்துவது இதற்காகவே. மிக்ஸியின் அடியில் உள்ள ரப்பர்க் கால்களும் இதே வேலையைச் செய்கின்றன.

சோதனை 2: ஓர் எவர்சில்வர் தட்டின் விளிம்பை இரு விரலால் தொங்கப் பிடித்துக் கரண்டியால் தட்டுங்கள். 'கிண்' என்று நீண்டு ஒலிக்கும். தட்டின் பின்புறம் சப்பாத்தி மாவை அடைபோல் அப்பிவிட்டு மீண்டும் தட்டுங்கள். 'டப்' என்று நின்றுவிடும். மாவு வளைந்து நெளியும்போது அதன் உள்ளுராய்வால் அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிறது. இது தடையுறு அதிர்வு. இயந்திரத்தின் எஃகுச் சுவர்களுக்கு வெளிப்புறம் தார் கலந்த தகடுகளை ஒட்டியிருப்பார்கள். அதிகச் செலவில்லாத இந்தக் கரிய தகடுகளே நீர் மோதும் ஓசையைப் பெரிதும் அடக்குகின்றன.

இவற்றோடு, சுவரைச் சுற்றிப் பஞ்சுப் போர்வையும் உண்டு. காற்று வழியே வரும் ஒலி பஞ்சின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து உராய்ந்து வெப்பமாகிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சு, கீச்சொலிகளை விழுங்கும். நெடிய அலைகளை விட்டுவிடும். அதனால்தான் அமைதியான இயந்திரத்திலிருந்து கடைசியில் மிஞ்சுவது தாழ்ந்த முனகல். நல்லவேளையாக, மெல்லிய தாழ்சுருதி ஒலிகளை நம் காது அவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை.

மேற்கூறியவை யாவும் பிறந்த ஓசையைத் தடுப்பவை. ஓசை பிறக்காமலே செய்வது இன்னும் சிறந்தது. புதிய இயந்திரங்களில் கரித்துண்டு உராயாத, மின்னணுச் சுற்றால் வேகம் கட்டுப்படுத்தப்படும் மோட்டார் உள்ளது. சில வகைகளில் மேல் கையும் கீழ்க் கையும் மாறிமாறியே நீர் தெளிக்கின்றன. இரவு நேரத்துக்கென உள்ள முறையில் பம்பின் வேகத்தைக் குறைத்து, கழுவும் நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை நேரம்.

எதை முதலில் அடக்குவது?

ஓர் இயந்திரத்தில் பம்பு 50 டெசிபெல்லும், நீர் மோதுவது 40 டெசிபெல்லும் ஓசை எழுப்புவதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 90 அன்று! வாட் அளவில் மாற்றிக் கூட்டிப் பாருங்கள்: வெறும் 50.4 டெசிபெல்தான் வரும். நீரின் ஓசையை முற்றிலும் நீக்கினாலும் 0.4 டெசிபெல்லே குறையும். எவரும் வேறுபாட்டை உணரமாட்டார்கள். பம்பை அடக்கினாலோ 10 டெசிபெல்லுக்கு மேல் குறையும். ஓசை பாதியானதுபோல் தோன்றும். பெரிதை முதலில் அடக்கு. அதன்பின் அடுத்தது பெரிதாகும், அதை அடக்கு. பொறியாளர்கள் படிப்படியாகச் செய்தது இதுவே.

ஓசை சொல்லும் செய்தி

ஓசை குறைந்ததால் நன்மை மட்டுமே விளைந்ததா? சமையலறையில் நாம் காதாலும் வேலை செய்கிறோம். குக்கர் எத்தனை விசில் அடித்தது, மிக்ஸி திணறுகிறதா, மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா என்பதையெல்லாம் ஓசையே சொல்கிறது. ஓசையில்லாத இயந்திரமோ எதுவும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இத்தகைய இயந்திரம் வந்த புதிதில், அது ஓடுவது தெரியாமல் யாரேனும் கதவைத் திறப்பதும், நீராவி முகத்தில் அடிப்பதும் நிகழ்ந்தன. என் தாயார் ஒரு வழி கண்டார். திறக்கும் முன் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காதுக்கு எட்டாத அதிர்வு கைக்கு எட்டிற்று!

இக்குறையைத் தீர்க்கவே சில இயந்திரங்கள் ஓடும்போது தரையில் ஒரு சிவப்பு ஒளிப்பொட்டை விழச் செய்கின்றன. முடிந்ததும் 'பீப்' ஒலி எழுப்புகின்றன. இழந்த செய்தியை வேறு வழியில் திருப்பித் தருகின்றன எனலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மோட்டாரின் இரைச்சல் நீங்கியபின், அதனுள் மறைந்திருந்த சிற்றொலிகள் வெளிப்படுகின்றன. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் டம்ளர்கள் கிணுகிணுக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி சுழலும் கையில் இடித்து 'டொக், டொக்' என்னும். அப்படி இடித்தால் கை சுழலாமல் நின்றுவிடக்கூடும். அந்த அடுக்கும் சரியாகக் கழுவப்படாது. பாத்திரங்களை இடைவெளிவிட்டுக் குப்புறச் சாய்த்து அடுக்கி, கைகளை விரலால் ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டுக் கதவை மூடவேண்டும். இயந்திரத்தை அமைதியாக ஓடவைக்கும் பொறுப்பில் ஒரு பங்கு அடுக்குபவருடையது.

யாருக்காக இந்த அமைதி?

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, படுக்கையறையில் 30 டெசிபெல்லுக்கும் வகுப்பறையில் 35 டெசிபெல்லுக்கும் மிகாமல் இருப்பது நல்லது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு விதித்துள்ளன. தெருவின் ஒலிபெருக்கிக்கு விதி உண்டு. வீட்டுக்குள் எழும் ஓசைக்கோ வீட்டாரே விதி செய்துகொள்ள வேண்டும்.

சிறிய வீடுகளில் சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் இடையே பல நேரங்களில் ஒரு சுவர்கூட இராது. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும், விடியலில் எழ வேண்டிய தாய்க்கும், தூக்கம் வராத முதியவருக்கும் இரவின் அமைதி இன்றியமையாதது. அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் வாங்கவேண்டும் என்பதில்லை. முக்காலியின் கால்களுக்கு ரப்பர் மாட்டலாம். பாத்திரங்களை அடுக்கும் மேடையில் பழைய துணியை மடித்து விரிக்கலாம். எவர்சில்வர் பாத்திரங்களைப் போடுவதற்குப் பதில் வைக்கலாம்! எல்லாவற்றிலும் செயல்படுவது நாம் மேலே கண்ட இயற்பியலே.

ஓசை எங்கே போயிற்று என்று கேட்டோம் அல்லவா? ஒரு பகுதி பிறக்கவே இல்லை. பிறந்ததில் பெரும்பகுதி ரப்பரிலும் தாரிலும் பஞ்சிலும் உராய்ந்து, அளக்கவும் இயலாத சிறு வெப்பமாக மாறிவிட்டது. ஆற்றல் அழிவதில்லை என்னும் விதிக்கு இங்கும் விலக்கில்லை.

பயிற்சி

1. தலா 42 டெசிபெல் ஒலித்திறன் கொண்ட இரு இயந்திரங்கள் ஒன்றாக ஓடினால் மொத்தம் எவ்வளவு?

2. 40 டெசிபெல் இயந்திரத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில், திறந்த வெளியில், காதில் விழும் அளவு எவ்வளவு?

3. சோதனை 1-இல் துண்டுக்குப் பதில் செய்தித்தாள், செங்கல், ரப்பர்ச் செருப்பு ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். எது சிறந்தது? ஏன்?

விடைகளைக் கணக்கிட்டு உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.