நூறு ரூபாய்தானேன்னு விட்டுடாதீங்க! கிரெடிட் கார்டு பில்லில் ஒளிந்திருக்கும் சின்னத் திருட்டு

கிரெடிட் கார்டு பில் வந்ததும் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? மொத்தத் தொகை எவ்வளவு, கட்டக் கடைசி நாள் எது. அவ்வளவுதான். நடுவில் இருக்கும் வரிகளை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. திருடர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான்.

2010-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது. போலி நிறுவனப் பெயர்களை வைத்துக்கொண்டு, பத்து லட்சத்துக்கும் அதிகமான கார்டுகளில் 20 சென்ட் முதல் 10 டாலர் வரை எடுத்திருந்தார்கள். மொத்தம் ஒரு கோடி டாலருக்கு மேல்! சின்னத் தொகை என்பதால் பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை.

சின்னத் தொகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று முதலில் கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்றால், அடுத்தது பெரிய தொகைதான்.

'ஓடிபி இல்லாம எப்படிங்க எடுக்க முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு இணையதளங்கள் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கேட்காது. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்கம் உள்ள மூன்று இலக்க எண் இருந்தால் போதும்.

சரி, பில்லை எப்படிப் படிப்பது? சில வரிகளைப் பார்ப்போம், வாங்க.

1. இரண்டு ரூபாய் பற்று, பின்னாடியே இரண்டு ரூபாய் வரவு: ஏதாவது செயலியில் புதிதாகக் கார்டைச் சேர்த்தீர்களா? அப்படியென்றால் அது சரிபார்ப்புத் தொகை, பயம் வேண்டாம். சேர்க்கவே இல்லை என்றால் வங்கியைக் கேளுங்கள்.

2. மாதாமாதம் அதே தேதியில் 149 ரூபாய்: இலவசமாகப் பார்க்கலாம் என்று சேர்ந்து, மறந்துபோன சந்தாவாக இருக்கலாம். இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்குப் பொதுவாக 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்தத் தகவலிலேயே நிறுத்தும் வழியும் இருக்கும்.

3. தெரியாத கடைப் பெயர்: கடையின் பலகையில் ஒரு பெயர், பில்லில் உரிமையாளரின் நிறுவனப் பெயர் என்று இருப்பது சகஜம். தேதியையும் தொகையையும் வைத்து யோசியுங்கள். கூடுதல் கார்டு வைத்திருக்கும் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

4. நீங்கள் வாங்கவே வாங்காத டாலர் தொகை: இது 80 ரூபாயாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டிய வரி.

இப்போது முக்கியமான விஷயம். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொல்ல வேண்டும். சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாள் ஆகிவிட்டால், 5 லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு 10,000 ரூபாய் அல்லது எடுக்கப்பட்ட தொகை, இதில் எது குறைவோ அது உங்கள் பொறுப்பு. அதாவது, போனது 149 ரூபாய் என்றால் முழுசும் உங்கள் தலையில்தான்! கணக்கு எஸ்எம்எஸ் வந்ததிலிருந்தே ஓடலாம். அதனால் மாத பில்லுக்குக் காத்திருக்காமல் எஸ்எம்எஸ்ஸை அன்றன்றே பாருங்கள். ஓடிபியை நீங்களே யாருக்காவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்களுடையது.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை:

• வங்கிச் செயலியில் கார்டை உடனே முடக்குங்கள்.

• கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். கூகுளில் தேடி எடுக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலியும் உண்டு.

• புகார் எண்ணை வாங்கி, தேதியோடு குறித்து வையுங்கள். மின்னஞ்சலிலும் எழுதுங்கள். புது எண்ணுள்ள கார்டு கேளுங்கள்.

• 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தெரிவியுங்கள்.

• பில்லில் உள்ள மற்ற தொகையைக் கடைசி நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

புகார் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புகாருக்கு 30 நாட்களாகியும் வங்கியிடமிருந்து பதில் இல்லையா? பதில் திருப்தியாக இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448.

ஒரு எச்சரிக்கை: 'பணத்தைத் திருப்பித் தர்றோம், ஓடிபி சொல்லுங்க' என்று யாராவது கூப்பிட்டால், அது இரண்டாவது திருட்டு. போனை வைத்துவிடுங்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்ற பொத்தான் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். வேண்டும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்படியே கடந்த மூன்று மாத பில்லையும் வரி வரியாக ஒருமுறை படித்துவிடுங்கள்.