பொம்மலாட்டக் குடும்பத்தின் பகற்பொழுது

பொம்மலாட்டம் என்றவுடன் ஜனங்களின் நினைவுக்கு வருவது இரவும், கறுப்புத் திரையும், அதன் முன்னே சலங்கையொலியோடு ஆடிவரும் பாவைகளுமே. ஆனால் பரம்பரையாக இத்தொழிலை நடத்திவரும் குடும்பத்தில் பிறந்து, காரைக்கால் பகுதி நெடுங்காட்டிலிருந்து புறப்பட்டுக் காவிரிக் கடைமடை ஊர்களிலெல்லாம் மனைவி மக்களோடு ஆட்டம் நடத்தி வந்திருக்கும் நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டது, இரவில் ஆட்டம் நடக்கும் அந்தச் சில மணி நேரம் செம்மையாக அமைவதும் அமையாமற்போவதும், அதற்கு முந்திய பகலைக் குடும்பம் எவ்விதம் கழித்தது என்பதைப் பொறுத்தே இருக்கிறது என்பதுதான். பாட்டும் கதையும் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் உண்டு. பகலை நடத்தக் கற்றுக்கொடுப்பார் அரியர். இப்பொழுது இக்கலையை விரும்பி மேற்கொள்ளும் இளந்தம்பதிகள் சிலரைக் காண்கிறேனாதலால், அவர்களுக்குப் பிரயோஜனப்படக்கூடும் என்று கருதிச் சில விஷயங்களை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் மணி ஐயரின் மங்கள கான பொம்மலாட்ட சபையும், சங்கரநாதனின் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபையும் பெயர்பெறச் செய்த மரப்பாவை ஆட்டமே எங்களுடையதும். கயிற்றாலும் கம்பியாலும் ஆட்டப்படும் இந்தப் பாவைகள் பாரத தேசத்துக் கயிற்றுப் பாவைகளிலெல்லாம் பெரியவை, கனமானவை. நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ளவையும் இருக்கின்றன. நாகர்கோவில், மதுரைப் பக்கங்களில் தோற்பாவைக் கூத்து நடத்தும் மண்டிகர் குடும்பத்தார், தங்கள் தோற்படங்களைச் சுருக்கமாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஓர் ஊரிலே பல நாள் தங்கிவிட முடியும். எங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஹரிச்சந்திரன் கதையின் ராஜாவும் மந்திரியும் லோகிதாசனும், அவர்களோடு எமனும் ஏறுவதற்கே ஒரு குட்டி யானை வண்டி வேண்டும். அதற்குமேல் திரை, படுதா, ஆர்மோனியம், மிருதங்கம், அடுப்பு, பாத்திரம், பாய், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் இருக்கின்றன.

ஆகையால் முதலில் கவனிக்க வேண்டியது பெட்டி கட்டும் கிரமம். கடைசியாக மேடைக்கு வரும் பாவை பெட்டியின் அடியிலும், முதலில் வரும் கோமாளி மேலேயும் இருக்க வேண்டும் என்பது எளிதாகத் தோன்றும். ஆட்டம் முடிந்து, கண் சொருகும் நடுநிசியில், மறுநாள் ஊருக்கு வேறு கதை என்று தெரிந்திருக்கும்பொழுது அவ்விதம் அடுக்குவதற்குத்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது. பாவையை ஒருபொழுதும் குப்புறப் படுக்கவைக்கலாகாது. மூக்கும் கிரீடமும் முதலில் தேயும். கயிறுகளை முழங்கைக்கும் பெருவிரலுக்குமாகச் சுற்றி, அந்தச் சுருளின் இடுப்பில் ஒரு துணிநாடாவைக் கட்டி, பாவையின் மார்பின்மேல் வைத்துவிட்டால் மறுநாள் சிக்கெடுக்கும் வேலை மிச்சம். எங்கள் வீட்டில் இந்தக் காரியம் என் மனைவியினுடையது. விளக்கை அணைத்த பிறகும் விரல்களின் உணர்வைக்கொண்டே எந்தக் கயிறு தலைக்கு, எந்தக் கயிறு தோளுக்கு என்று சொல்லிவிடுவாள். பாட்டுப் பாடுவதற்குச் சமமான வித்தை இது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நெடுங்காட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே காரைக்கால் எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர் ஆட்சி 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நீங்கும்வரையில் இந்த எல்லையிலே சுங்கச் சோதனை இருந்தது. பெட்டியைத் திறந்தவர்கள் உள்ளே வீற்றிருந்த எமதர்மராஜனைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள் என்று எங்கள் தாத்தா சொல்லுவார். இன்று சுங்கம் இல்லாவிட்டாலும், மதுவிலை இரண்டு பக்கமும் வெவ்வேறாக இருப்பதனால் சாவடிகளில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். அது அவர்கள் கடமை. நம்முடைய கடமை, சாவியைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத் தேடாமல் கையில் வைத்திருப்பதும், நிகழ்ச்சி அழைப்பிதழில் ஒரு பிரதியை ஓட்டுநரிடம் கொடுத்துவைப்பதும், “ஐயா, பொம்மலாட்டப் பெட்டி, மெதுவாகத் திறக்க வேண்டும், நானே திறந்து காட்டுகிறேன்” என்று நாமே முதலில் இறங்கிச் சொல்வதுமாகும். இவ்வளவையும் செய்தால் கயிறு அறாமல், வர்ணம் உதிராமல், வேளைக்குப் போய்ச் சேரலாம்.

ஊருக்குப் போனதும் சாமான்களை இறக்குவதற்கு முன்பு, நாட்டாமைக்காரரையோ தர்மகர்த்தாவையோ கண்டு வணங்கி, ஆட்டம் நடக்கும் இடத்தைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேடையைச் சுவாமி பார்க்கும்படி சந்நிதிக்கு எதிரே போடச் சொல்வார்கள். கிழக்குப் பார்த்த கோயிலாயின் நம் மேடை மேற்குப் பார்க்கும். அப்பொழுது சாயங்காலத்தில் கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று நேராக நம் முதுகில் வந்து அடிக்கும். சித்திரை, வைகாசியில் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இதன் வேகத்தை அறியாதவர்கள், பின்பக்கத்துப் படுதாவை நாலு மூலையும் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அது பாய்மரம்போல் உப்பி, மூங்கிற்கால்களையே சாய்க்கத் தொடங்குகிறது. படுதாவுக்குக் கீழே ஒரு சாண், மேலே ஒரு சாண் வழிவிட்டுக் கட்டினால் காற்று புகுந்து போய்விடும். ஆட்டுகிறவர்களை மறைக்கும் முன்பக்கத்துக் கறுப்புத் திரைக்கோ, அடி விளிம்பில் உறைபோலத் தைத்து, அதற்குள் நீளமான மணற்பையைச் செருகிவிட வேண்டும். இல்லையேல் திரை முன்னால் பறந்து பாவையின் முகத்தை மூடிவிடும். சந்திரமதி புலம்பும் கட்டத்தில் அப்படி நேர்ந்தால், குழந்தைகள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து சோகரசத்தை மீட்பது யாராலும் ஆகாது.

இனிக் கழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பாவையின் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கின்றன; ஆட்டுகிறவர் அந்த வளையத்தைக் கிரீடம்போலத் தம் தலையில் அணிந்து, கைகளில் உள்ள கம்பிகளால் பாவையின் கைகளை இயக்குகிறார்; அவர் காலில் கட்டிய சலங்கையே பாவையின் நடைக்கு ஓசை தருகிறது. ஜப்பான் தேசத்துப் புன்ராக்கு என்னும் பாவைக்கூத்தில் ஒரு பெரிய பாவையை மூவர் பங்கிட்டுக்கொண்டு, தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர் என்று ஆட்டுகிறார்கள் என்பதை அறிந்தபொழுது, நம் மரபில் அந்தப் பாரமெல்லாம் ஒரே மனிதரின் கழுத்தில் இறங்குகிறது என்பதை எண்ணி நான் பெருமையும் கவலையும் ஒருங்கே அடைந்தேன். உற்சாகத்தினால் இளைஞர்கள் வந்த வாரத்திலேயே பெரிய பாவையைத் தூக்க ஆசைப்படுகிறார்கள். விடக்கூடாது. முதலில் வெறும் வளையத்தை அணிந்து தாளத்துக்கு நடக்கட்டும். பிறகு கோமாளியைப் போன்ற சிறு பாவை. தோளும் கழுத்தும் இறுகிய பிறகே ஹரிச்சந்திரன். வளையத்தின் உட்புறத்தில் பழைய வேட்டித் துணியைச் சும்மாடுபோல இறுகச் சுற்றித் தைக்க வேண்டும். ரப்பர்ப் பட்டை கூடாது. வேர்வையில் அது வழுக்கும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஆள் மாறிக்கொள்வது குடும்பத்தின் கட்டுப்பாடாக இருக்க வேண்டுமே தவிர, களைத்தவர் கேட்டுப் பெறும் உதவியாக இருக்கக்கூடாது; ஏனெனில் கைதட்டல் கேட்கும் வேளையில் தாம் களைத்திருப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆட்டம் உள்ள நாளில் எண்ணெய் தேய்த்து முழுகலாகாது என்பது பெரியோர் வைத்த விதி. உடல் தளர்ந்து தூக்கம் வருவதை நானும் கண்டிருக்கிறேன். எண்ணெய்க்குளியலை ஓய்வுநாளுக்கு வைத்துக்கொள்வது நலம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரார் அன்பினால் கல்யாண வீட்டுச் சமையல்போலப் படைப்பார்கள். அதை மறுத்தால் மனம் நோகும். உண்டால் உடம்பு நோகும். ஆகவே ஒப்பந்தம் பேசும்பொழுதே, சமைத்த உணவாக வேண்டாம், அரிசியும் பருப்பும் காய்கறியும் விறகுமாகக் கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொள்வது உத்தமம். பகல் பன்னிரண்டு மணிக்குள் ரசமும் சோறும் கூட்டும் ஆக்கி உண்டு, கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ இரண்டு மணி நேரம் எல்லோரும் படுத்து எழ வேண்டும். சமைத்தவளும் படுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாத்திரத்தை ஆண்கள் கழுவினால் அது கூடும். மாலையில் பின்பாட்டுப் பாடப்போகிற தொண்டை அவளுடையதாயிருக்க, அவளைப் புகையிலும் வேலையிலும் வைத்துவிட்டு இரவில் சுருதி சேரவில்லை என்று குறைசொல்லுவது நியாயமன்று.

முன்காலத்தில் விடிய விடிய நடந்த ஆட்டம் இன்று சுருங்கிவிட்டது. ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்குமேல் வைக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. திருவிழாக் காலத்துச் சில நாட்களுக்குத் தரப்படும் தளர்வை நம்பிக் கதையை அமைப்பது விவேகமாகாது. ஏழரை மணிக்கு விநாயகர் பூஜை தொடங்கினால்தான் ஹரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தைப் பத்துக்குள் முடிக்கலாம். பலர் நேரத்தை மிச்சப்படுத்தக் கோமாளியைக் குறைக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. கோமாளி அந்த ஊரின் வாய்க்காலையும், அந்த வருஷத்து விளைச்சலையும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் குறும்பையும் பேசுகிறவன். அவன் வாயிலாகவே ஊர் நம்மைத் தன்னவராக ஏற்றுக்கொள்கிறது. குறைக்க வேண்டுமாயின் ராஜசபை வர்ணனையைக் குறைக்கலாம். பள்ளிக்கூடங்களில் ஆடும்பொழுது, திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் கயிற்றால் ஆடும் மரப்பாவையை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார் என்று கோமாளியைக்கொண்டே சொல்லச் செய்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அந்தக் குறளைத் தேடிப் படிக்கிறார்கள்.

பணவிஷயம் சுருக்கமானது. அச்சாரத்தை வெற்றிலை பாக்கோடு வாங்கிக்கொண்டு, தேதியையும் கதையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். காப்புக் கட்டிய ஊரிலும் சாவு நேர்வதுண்டு. அன்று விழா நிற்கும். அப்பொழுது வண்டிச் சத்தம் மாத்திரம் பெற்றுக்கொண்டு, அச்சாரத்தை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்வது என்று முன்னமே எழுதியிருந்தால், துக்கத்தில் இருப்பவர்களிடம் பேரம் பேசும் கொடுமை நேராது. வருமானத்தில் பெட்டிக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்த பிறகே மற்றப் பங்குகளைப் பிரிக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயமே எல்லாவற்றினும் கடினமானது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து ஊர்களில் காசு புழங்குகிற காலமும், திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளும் மாசிமகமும், பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்குகிற காலத்தோடு வந்து மோதுகின்றன. கலை பரம்பரையாக வாழ வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். படிப்பை இழந்த பிள்ளை பின்னாளில் அதற்குக் காரணமாயிருந்த கலையையும் வெறுத்துவிடுகிறான். ஆகையால் பள்ளி நடக்கும் மாதங்களில் எங்கள் அம்மா நெடுங்காட்டிலேயே பேரப்பிள்ளைகளோடு இருந்துவிடுவார்கள்; வெள்ளிக்கிழமை மாலைக்குமேல் அருகிலுள்ள ஊர்களுக்கு மட்டும் பிள்ளைகளை அழைத்துக்கொள்வோம்; சித்திரை, வைகாசி விடுமுறையில்தான் அவர்கள் எங்களோடு முழுப் பிரயாணம் செய்வார்கள். வகுப்பாசிரியரைக் கண்டு இதை வெளிப்படையாகச் சொல்லிவைக்க வேண்டும். “அப்பா, எமனுக்கு நான் குரல் கொடுக்கட்டுமா?” என்று பத்து வயதுப் பையன் கேட்கும்பொழுது மனம் குளிரத்தான் செய்கிறது, எனினும், குரல் உடையும் பருவம் கடக்கும்வரையில் அவனைத் தாளத்திலும் கயிற்றிலும் பழக்குவதே அவன் தொண்டைக்கு நன்மை.

ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவையும் ஆடி மாதத்து அம்மன் கோயில்களையும் தாண்டினால் அழைப்புகள் குறைந்து, ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை தொடங்கி ஆட்டம் அடியோடு நின்றுவிடும். அந்தக் காலத்தைச் சோம்பலுக்கு விடலாகாது. கல்யாண முருங்கை மரம் கனமில்லாதது என்பதனாலேயே பாவைக்கு உகந்தது. அதனாலேயே வண்டுக்கும் உகந்தது. ஒவ்வொரு பாவையையும் விரலால் தட்டிப் பார்த்து, ஓசை மங்கிய இடத்தில் துளை இருக்கிறதா என்று தேடி, வேப்பெண்ணெய் விட்டு அடைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்குமாதலால் வளையத்தையும் கம்பிகளையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். வர்ணம் புதுப்பிக்கும்பொழுது பளபளக்கும் எனாமலை முகத்துக்குப் பூசாதிருப்பது நல்லது. இக்காலத்து வெள்ளை விளக்கில் அது கண்ணைக் கூசச்செய்து பாவையின் பார்வையை மறைத்துவிடும். பருத்திக் கயிறு ஈரத்தில் ஒரு நீளமும் வெயிலில் ஒரு நீளமுமாக இருக்குமாதலால், மழைக்காலத்தில் புதுக்கயிறு கட்டி அளவு பார்க்கக்கூடாது. மார்கழியில் வாடைக்காற்று உலரத் தொடங்கிய பிறகு, பாவையை நிற்கவைத்துப் பாதம் தரையைத் தொடும் அளவுக்குக் கயிற்றை முடிந்துகொள்ள வேண்டும். தைமாதத்து ஊர்களிலிருந்து ஆள்கள் வெற்றிலைத் தட்டோடு வரத் தொடங்குவதும் அந்த வாரங்களிலேதான்.