நான்கு புள்ளிக்குப் பின்னால்

மாமிக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி தொடங்கியது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட குளிசையால் வந்த 'கேஸ்' என்று நினைத்து, கொத்தமல்லி அவித்துக் குடித்தார். கரவனெல்ல ஆதார வைத்தியசாலை எங்களுக்குக் கிட்டத்தான். ஆனாலும் புதன்கிழமைதான் கொண்டு போனோம். இரைப்பைப் புண் ஓட்டையாகி, வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், மாமி பிழைத்தார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இப்படிப்பட்ட நோயாளி பிழைப்பாரா என்பதை வைத்தியர்கள் எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு சுற்றுவிரி எனப்படும். அதில் ஏற்படும் அழற்சியின் கடுமையை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்று மன்ஹைம் சுட்டெண். ஜெர்மனியில் 1963 முதல் 1979 வரை சிகிச்சை பெற்ற 1253 நோயாளரின் பதிவுகளிலிருந்து அது உருவானது. அதில் எட்டு விடயங்கள் உள்ளன. வயது 50ஐத் தாண்டினால் 5 புள்ளி, பெண் என்றால் 5, உறுப்புகள் செயலிழந்தால் 7, புற்றுநோய் இருந்தால் 4, நோய் தொடங்கி 24 மணித்தியாலம் கடந்திருந்தால் 4, கிருமி பெருங்குடலிலிருந்து வராவிட்டால் 4, அழற்சி வயிறெங்கும் பரவியிருந்தால் 6. வயிற்றினுள் உள்ள திரவம் தெளிவாக இருந்தால் புள்ளியில்லை. கலங்கியோ சீழாகவோ இருந்தால் 6, மலம் கலந்திருந்தால் 12. மொத்தம் 47.

1994இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவில் 2003 நோயாளரை இதனால் அளந்தது. 21க்குக் குறைந்த புள்ளி பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேர் இறந்தனர். 21 முதல் 29 வரை பெற்றவர்களில் சுமார் 22 பேர். 29க்கு மேல் பெற்றவர்களில் சுமார் 59 பேர்.

மாமிக்கு வயது 52. நானே கணக்குப் போட்டேன்: வயது 5, பெண் 5, தாமதம் 4, இரைப்பை 4, பரவல் 6, சீழ் 6. கூட்டினால் 30! என் கை நடுங்கியது. ஆனால் மாமியோ அடுத்த அறையில் உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். சுட்டெண் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறது. தனி ஒருவரின் விதியைச் சொல்வதில்லை. யாரை அதிக கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று காட்டுவதே அதன் வேலை.

பிறகு இன்னொரு கணக்குப் போட்டேன். திங்கட்கிழமையே, அழற்சி பரவுமுன், திரவம் தெளிவாக இருக்கும்போதே போயிருந்தால்? வயது 5, பெண் 5, இரைப்பை 4. வெறும் 14! தாமதத்துக்கு என்று எழுதப்பட்டிருப்பது 4 புள்ளிதான். ஆனால் பரவலும் சீழும் அதன் பின்னாலேயே வந்துவிடுகின்றன. வயதையும் பாலையும் நம்மால் மாற்ற முடியாது. நேரம் மட்டும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

தோழியரே, வலியை மறைப்பது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். சமையல் கிடக்கிறது என்பார் உம்மா. இன்றைக்குப் பேர் விழாது என்பார் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா. வயிறு பலகைபோல் இறுகினாலோ, இருமும்போதும் அசையும்போதும் வலி கூடினாலோ, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தாலோ கொத்தமல்லியோடு காத்திருக்க வேண்டாம். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாமி சொல்லாமல் இருந்தது உண்மைதான். அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்தும் நான் கேட்காமல் இருந்ததும் உண்மைதான்.