பழைய அம்பாசடருக்கு உள்ளலங்காரம்: வீட்டிலேயே செய்யலாம்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் உங்கள் வாசலில் நிற்கிறதா? உள்பக்க வேலையைச் சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் எதுவும் காயாது. நம் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் பௌர்ணமியும் வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் சாமான் வாங்கக்கூட வெளியே போக முடியாது.

முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். பிறகு சீட்டுகளையும் மேட்டையும் எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். செலவே அங்கேதான் ஒளிந்திருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் பெயின்ட் அடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா? அதற்கு டிங்கர்தான் கதி. எம்-சீல் பூசி மறைப்பது ஏமாற்று வேலை. கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் புது மேட் போட்டால் மறுபடி துருதான்.

ஊறிப்போன கதவு அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். புது ஹார்ட்போர்டின் மேல் அதை வைத்து வரைந்து வெட்டலாம். பொருத்துமுன் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள்.

சீட்டுக்குப் போடும் ரெக்சினைச் சிறிது நேரம் வெயிலில் போட்டால் இளகும். சுருக்கமில்லாமல் இழுக்க வரும். பிரித்த சீட்டை மட்டும் காவலில்லாமல் வெளியே வைக்காதீர்கள். இந்தப் பக்கத்துக் குரங்குகள் பஞ்சைப் பிய்த்துவிடும்.

மேற்கூரைத் துணியை மட்டும் குஷன் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அது தனி ஆள் செய்யும் வேலை அல்ல.